பூனை படுத்திருந்த பெட்டி

பாசிர் ரிஸ்
4 மே 2025, ஞாயிறு

அர்ஃபானுக்கு,

ஸலாம். நீ நன்றாக இருக்கிறாய் என்று உம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று உனக்கும் அவர்கள்தான் சொல்லியிருப்பார்கள். எழுபத்திரண்டு வயதில் உம்மாவுக்கு இந்தத் தூது வேலை தேவையா என்று நீயே யோசித்துப் பார்.

ஜெனீவா கூட்டம் முடிந்து சூரிக்கிலிருந்து ஒரே விமானத்தில்தான் வந்தோம். நீ நாற்பத்தோராம் வரிசை, நான் இருபத்தெட்டு. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட நீ என் பக்கமாக நடந்து வரவில்லை. சாங்கி விமான நிலையத்தில் என் பெட்டியைப் பட்டையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் டாக்சி வரிசைக்குப் போய்விட்டாய். கோபமாக இருப்பவன் பெட்டியை இறக்கி வைக்கக் கூடாது. அப்படி வைத்ததால் எனக்கு உன்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியவில்லை.

வாட்ஸப்பில் ஏழு செய்தி அனுப்பினேன். நீலக் குறி விழுந்ததோடு சரி. தொலைபேசியில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் நீ உம்மா வீட்டுக்கு வருகிறாய், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். என்னைப் பார்க்காமல் இருக்க நீயே போட்டுக்கொண்ட முறை அது. டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் காலி பிஸ்கட் டின்னில் இதை வைத்துவிட்டுப் போகிறேன்.

எதற்குச் சண்டை என்று உம்மா கேட்டார்கள். முடிந்தவரை விளக்கினேன். வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை முடி மாதிரி ஒன்றுதான், அதில் முப்பத்திரண்டு வீட்டு இண்டர்நெட் பெட்டிகள் ஒளி அனுப்புகின்றன. பழைய பெட்டியின் அலைநீளமும் புதிய பெட்டியின் அலைநீளமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் இரண்டு வீட்டிலும் இண்டர்நெட் போய்விடும். அடுத்து வரப்போகும் பெட்டிக்கு எவ்வளவு அகலமான பட்டையை ஒதுக்குவது என்று உலகத்துக்கே ஒரு தரம் எழுதுகிறோம். தம்பியின் கம்பெனி லேசர் செய்கிறது, இருபது நானோமீட்டர் கேட்கிறது. என் கம்பெனி லைன் நடத்துகிறது, நான்குக்குமேல் தர முடியாது என்கிறேன் நான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மா, "ஆளுக்குப் பாதியா எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றார்கள்.

பாதி எடுத்தாலும் என் பழைய பெட்டிகள் பதினைந்து வருடத்துக்கு முன்னால் போட்டவை. நாற்பதாயிரம் இருக்கின்றன. அவற்றின் ஒளி ஒழுங்காக ஓரிடத்தில் நிற்காது, வெயிலில் நகரும். அந்த வீடுகளில் பெரும்பாலும் வயதானவர்கள். ஒருநாள் காலையில் லைன் செத்துப்போனால் யாரைக் கேட்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். மைக்கில் நான் ஒரு கேள்வி கேட்டதற்கு இத்தனை நாள் பேசாமல் இருப்பது உனக்கே அதிகமாகத் தெரியவில்லையா?

ஷமீமா லாத்தா


சுவா சூ காங்
10 மே 2025, சனி

லாத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பெட்டியை இறக்கி வைத்தது உங்கள் தோள்வலிக்காக. கோபத்தோடு அதைச் சேர்க்காதீர்கள்.

உம்மாவிடம் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். மீதியை நான் எழுதுகிறேன். நோன்பு இருபத்துமூன்று அன்று உம்மா வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நான் ரொம்பச் சோர்ந்திருந்தேன். "எழுபது டிகிரிக்கு மேல லேசர் சிப்போட ஒளி நிக்க மாட்டேங்குது லாத்தா, ஓடுது" என்று உங்களிடம் சொன்னேன். என் கூடப்பிறந்தவளிடம் சொன்னேன், எதிர்த்தரப்பிடம் இல்லை. மூன்று வாரம் கழித்து நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் நீங்கள் மைக்கை அழுத்தி, முன்மொழிந்தவர் எழுபது டிகிரியில் அளந்து பார்த்தாரா என்று கேட்டீர்கள். அளந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அந்த ஒரு பதிலிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த என் குழுவின் சுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த எண் வெளியே எப்படிப் போனது என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் கேட்கும் நான்கு நானோமீட்டருக்குள் லேசர் நிற்க வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு குளிர்விப்பான் வைக்க வேண்டும். அது லேசரைவிட விலை கூடியது, மின்சாரமும் குடிக்கும். வீட்டுப் பெட்டியில் யாரும் அதை வைக்கமாட்டார்கள். குளிர்விப்பான் இல்லாமல் ஓட்டத்தான் மூன்று வருடம் உழைத்தோம். சூடு ஏற ஏற ஒளி நகரும், அந்த நகர்வுக்குத்தான் இருபது கேட்கிறோம்.

மேலிடம் அக்டோபர் கூட்டம் வரைக்கும்தான் பொறுக்கும். அன்றைக்கும் எண் முடிவாகவில்லை என்றால் என் குழுவைக் கலைத்துவிடுவார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேர். வருண் திருச்சியிலிருந்து வந்தவன், வேலை அனுமதியில் இருக்கிறான். வேலை போனால் முப்பது நாளில் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவன் மனைவி அனிதா வந்தே நான்கு மாதம்தான் ஆகிறது. போன வாரம் சிராங்கூன் சாலையில் இட்லிப் பானை வாங்கினாளாம், அதன் படத்தைக்கூட எங்களுக்குக் காட்டினான்.

கூட்டத்தில் ஒத்துவராத எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டு நிறுத்தி வைப்போமே, இப்போதைக்கு அப்படித்தான் கையெழுத்துப் போட முடிகிறது.

உங்கள் [அன்புத்] தம்பி
அர்ஃபான்


பாசிர் ரிஸ்
18 மே 2025, ஞாயிறு

அர்ஃபானுக்கு,

உன் அடைப்பைப் பார்த்து முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நீ கஞ்சிக் கிண்ணத்தோடு சொன்னதைத்தான் நான் மைக்கில் கேட்டேன் என்கிறாய். இல்லை. வெப்பநிலைக் கேள்வி பிப்ரவரியிலேயே என் பட்டியலில் இருந்தது. லேசரைப் பற்றி யார் பேச வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அது. நீ என் தம்பி என்பதற்காகக் கேட்காமல் விட்டிருந்தால் எங்கள் மேலாளர் ரவூப் என்னை அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார். சரி, உன் வழிக்கே வருகிறேன். [மன்னித்துக்கொள்.] அடைப்பை எடுக்க எனக்கு இன்னும் மனது வரவில்லை.

வருண் விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. இட்லிப் பானையை எழுதிவிட்டாய், இனி அது என் தலைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

சண்டையை ஒருபக்கம் வைத்துவிட்டு ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். பழைய பெட்டியின் ஒளி உண்மையிலேயே எவ்வளவு நகர்கிறது என்று இதுவரை ஆய்வகத்தில்தான் அளந்திருக்கிறோம், அதுவும் ஏர்கான் குளிரில் உட்கார்ந்துகொண்டு. இப்போது நாற்பது வீடுகளில் பெட்டிமேல் சின்னச் சூடு அளவி ஒட்டப் போகிறோம். ஒளியை மறுமுனையில் அளந்துகொள்ளலாம். எங்கள் அங்கமுத்து அண்ணன் ஏணியும் பையுமாகத் தயாராகிவிட்டார். இருபது வருடமாக வீடு வீடாக லைன் போட்டவர். வீவக அடுக்குமாடி புளோக் எண்ணைச் சொன்னால், லிஃப்ட் எந்த மாடியில் நிற்காது என்பதுவரை சொல்வார். அளந்து முடித்ததும் எண்களைக் குழுவுக்கு ஆவணமாகவே அனுப்பிவிடுவேன். எல்லாரையும்போல நீயும் பார்த்துக்கொள்.

உம்மா வீட்டுக் குளிர்பெட்டியில் இனிப்புக் கூட்டி வட்லப்பம் செய்து வைத்திருக்கிறேன். அது உன் மகள் இன்ஷாவுக்கு. மீந்தால் உனக்கு.

லாத்தா


சுவா சூ காங்
8 ஜூன் 2025, ஞாயிறு

லாத்தாவுக்கு,

வட்லப்பம் மிஞ்சவில்லை. இன்ஷா சாப்பிட்டுவிட்டாள் என்று எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் சாப்பிட்டது நான்.

நேற்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாங்கள் காலையிலேயே உம்மா வீட்டுக்கு வந்துவிட்டு, பகல் தொழுகைக்கு முன்னால் கிளம்பிவிட்டோம். நீங்கள் அதற்கப்புறம் வந்தீர்களாம். எம்.ஆர்.டி. ரயிலில் இன்ஷா கேட்டாள், "ஷமீமா மாமி ஏன் அத்தா நாம போன பிறகுதான் வர்றாங்க?" வேலை இருந்திருக்கும் என்றேன். பெருநாள் அன்றைக்கு என்ன வேலை என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சதுர அடைப்பை எப்படி விளக்குவது?

இதற்குமேல் இந்த முறை எழுத ஒன்றுமில்லை. தோள்வலிக்கு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

உங்கள் [அன்புத்] தம்பி
அர்ஃபான்


பாசிர் ரிஸ்
29 ஜூன் 2025, ஞாயிறு

அர்ஃபானுக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். உட்கார்ந்து படி. உம்மாவிடம் தேநீர் கேட்டு வாங்கிக்கொள்.

நாற்பது வீட்டின் எண்களும் வந்துவிட்டன. மேற்கு வெயில் விழுகிற வீடுகளில் பகலில் பெட்டி கொதிக்கிறது, மாலையில் ஏர்கான் போட்டதும் விறைத்துப் போகிறது. ஒளியும் கூடவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. முப்பத்தொன்பது வீட்டிலும் வரைபடம் கடல் அலை மாதிரி. முப்பத்தோராம் எண் வீட்டில் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. சூடும் நகரவில்லை, ஒளியும் நகரவில்லை. அளவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அந்த வீட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். "கருவிப் பிழை" என்று பக்கத்தில் எழுதி ரவூபுக்கும் அனுப்பியாகிவிட்டது.

அங்கமுத்து அண்ணன் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. தான் ஒட்டிய அளவி கெடாது என்கிறார். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று நானும் கூடப் போனேன். சுவா சூ காங். லட்சுமி என்று ஓர் அம்மா, பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவர். ஜன்னலோரத் தட்டில் நம் பழைய பெட்டி. அதன்மேல் முழு நீளத்துக்குக் கால்நீட்டிப் படுத்திருந்தது ஒரு மஞ்சள் பூனை. பெயர் மைலோ.

"ஏர்கான் போட்டா அதுக்குக் குளிருதுலா, உடனே அங்க ஏறிப் படுத்துக்கும். வெயில் வந்தா இறங்கித் தரையில போய்ப் படுக்கும். விரட்டினாலும் கேக்காது," என்றார் லட்சுமி அம்மா. பூனைக்கு முறைப்படி லைசன்ஸ் எடுத்திருப்பதாகவும் சொன்னார், நான் ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார் போல. அங்கமுத்து அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கருவிப் பிழைக்கு மீசை இருந்தது.

இருபது வருட அனுபவம் உள்ள நான் ஒரு பூனையைப் பிழை என்று எழுதி அழித்திருக்கிறேன். நீ சிரிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆவணத்தில் முப்பத்தோராம் வீட்டைத் திரும்பச் சேர்த்து, அடிக்குறிப்பில் காரணத்தையும் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. லட்சுமி அம்மாவின் புளோக் உன் புளோக்குக்கு எதிரில்தான். கீழே வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். ஏழாம் மாடியில் துணி காயப்போடும் கொம்பில் இன்ஷாவின் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அங்கமுத்து அண்ணன், "தம்பி வீட்டுக்குப் போயிட்டு வரலாமே" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன்னைப் போலவே நானும் பொய் சொல்லிப் பழகிவிட்டேன்.

லாத்தா


உம்மா வீடு
9 ஜூலை 2025, புதன்

லாத்தாவுக்கு,

சனிக்கிழமைவரை காத்திருக்க முடியவில்லை. உம்மா வீட்டில் ஆட்டுக்கால் பாயா இருக்கிறது என்று காரணம் சொல்லி வேலை முடிந்து நேராக இங்கே வந்தேன். உம்மா வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கே வைத்துவிட்டு, உங்களுக்கு ஃபோன் பண்ணி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று உம்மாவிடம் சொல்லப் போகிறேன்.

சிரிக்கவில்லை லாத்தா. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நீங்கள் குளிர்விக்கச் சொன்னீர்கள், நான் முடியாது என்றேன். மூன்று மாதமாக இதையேதான் இரண்டு பேரும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பூனை குளிர்விக்கவில்லை. குளிரும்போது மட்டும் சூடாக்குகிறது. வெயில் வந்ததும் இறங்கிப் போய்விடுகிறது. லேசருக்குப் பக்கத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு சூடேற்றி வைத்தால் போதும். குளிர்ந்தால் எரியும், சூடானால் அணையும். லேசர் எப்போதும் வெதுவெதுப்பான பக்கத்திலேயே நிற்கும், பாதி நகர்வு அங்கேயே ஒழிந்தது. குளிர்விப்பானின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

திங்கட்கிழமை வருண் ஒரு சாதாரண மின்தடையை சிப்புக்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தான். சுதா அளந்தாள். இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஆனால் எட்டு நானோமீட்டருக்குள் நிற்கிறது. இருபது இல்லை லாத்தா, எட்டு. குழுவில் எல்லாரும் அதற்குப் பூனை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் சுதா வந்ததும், "பூனை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறாள்.

இது உங்கள் எண்களிலிருந்து வந்தது. எங்கள் முன்மொழிவில் உங்கள் ஆவணத்தின் பெயரைப் போடுவேன், அடிக்குறிப்பையும் சேர்த்து.

ஏழாம் மாடிவரை வராமல் போனதற்குத் தனியாகக் கோபம் இருக்கிறது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் [அன்புத்] தம்பி
அர்ஃபான்


பாசிர் ரிஸ்
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அர்ஃபானுக்கு,

நல்ல செய்தி இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் எட்டை வைத்து நாற்பதாயிரம் பெட்டியையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருபத்தொன்பதாயிரம் பெட்டிக்கு ஆபத்தில்லை. மீதி பதினோராயிரம், முதன்முதலில் போட்ட மாடல். அவை உன் பட்டைக்குள் வந்து விழும். அத்தனையையும் வீடு வீடாகப் போய் மாற்றினால்தான் எட்டு சரிப்படும். ரவூப் கேட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஏப்ரல்ல நாலுதான்னு எனக்கு வாக்குக் கொடுத்தது நீங்கதானே?" என்றார். நான்தான் கொடுத்தேன். அக்டோபர் கூட்டத்தில் அவர் மண்டபத்தில் இருப்பார், நான் இங்கிருந்து இணையத்தில் சேர வேண்டும், எட்டு என்று வந்தால் நான் ஆட்சேபம் சொல்ல வேண்டும். இதுதான் உத்தரவு.

எனக்கு இதை எழுதப் பிடிக்கவில்லை. உன் எட்டு நல்ல எண். பொறியாளராகச் சொல்கிறேன், அதைவிட நேர்மையான எண்ணை இந்தக் குழுவில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரிப் பட்டியல் என்று எழுதினேனே, நேற்று அதைத் தேடி எடுத்தேன். வெப்பநிலைக் கேள்வி இருக்கிறது. ஆனால் அதில் அறுபது என்றுதான் இருக்கிறது. எழுபது என்பதை நான் உம்மா வீட்டு மேசையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எடுத்தது எனக்கே தெரியவில்லை. தெரிந்து எடுத்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. நீ நம்பிச் சொன்னதை ஊர் முன்னால் கேட்டுவிட்டேன். மன்னித்துக்கொள் அர்ஃபான். அடைப்பு எதுவும் இல்லை, திரும்பப் பார்த்துக்கொள்.

லாத்தா


சுவா சூ காங்
30 ஆகஸ்ட் 2025, சனி

லாத்தாவுக்கு,

ஆட்சேபியுங்கள்.

உண்மையாகவே சொல்கிறேன். அது உங்கள் வேலை. எனக்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்து, நாளைக்கு ரவூப் உங்களை வெளியே அனுப்பினால் அதை என்னால் தாங்க முடியாது. குழு கலைந்தால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். வருணுக்குத்தான் வழி தெரியவில்லை. நான்கு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எழுபது டிகிரியில் கடைசியாக அளந்து பார்த்தோம். எங்கள் தாளில் எழுதியிருந்ததைவிட நகர்வு அதிகம். நீங்கள் அன்றைக்குக் கேட்காமல் இருந்திருந்தால் இருபது என்று எழுதி வாங்கியிருப்போம், மூன்று வருடம் கழித்து அந்த இருபதும் பத்தாமல் எங்கோ ஒரு வெயில் ஊரில் லைன் அறுந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு வலித்தது அது உம்மா வீட்டிலிருந்து போனதால். அதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பக்கத்தை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

தோள்வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே மாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் [அன்புத்] தம்பி
அர்ஃபான்

(அடைப்பு பழக்கத்தில் வந்துவிட்டது. அக்டோபர்வரை இருக்கட்டும், அப்போதுதான் எடுக்கும்போது நன்றாக இருக்கும்.)


ஜெனீவா
16 அக்டோபர் 2025, வியாழன்

லாத்தாவுக்கு,

ஃபோனில் சொல்லலாம். சொன்னால் அழுதுவிடுவேன், சுதா பக்கத்து அறையில் இருக்கிறாள். அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

காலை பதினோரு மணி, உங்களுக்கு மாலை ஐந்து. தலைவர் எங்கள் பத்தியைத் திரையில் போட்டார். சதுர அடைப்புக்குள் எட்டு. ரவூப் எனக்கு எதிர் வரிசையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் இணையத்தில் சேர்ந்தவர்களின் பெயர்கள். உங்கள் பெயர் ஏழாவது. பேச வேண்டியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கை ஒன்று உயரும் இல்லையா, நான் திரையில் வேறு எதையும் பார்க்கவில்லை. "ஆட்சேபம் உண்டா?" என்று தலைவர் கேட்டார். யாரும் பேசாவிட்டால் ஒப்புதல் என்று அர்த்தம். நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து எண்ணும்போது கொரியாக்காரர் இருமினார், என் உயிர் போய்விட்டது. எட்டு எண்ணி முடித்தேன். உங்கள் கை உயரவில்லை. பதிவாளர் பெண் விசைப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள், அடைப்பு இரண்டும் போய்விட்டது. வெறும் எட்டு நின்றது. வருண் மேசைக்கடியில் என் முழங்காலைப் பிடித்து அமுக்கினான், இன்னும் வலிக்கிறது.

பிறந்ததிலிருந்து உங்களைத் தெரியும். எட்டு நொடி நீங்கள் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

உத்தரவை மீறிவிட்டீர்கள் என்று பயந்து, காப்பி இடைவேளையில் ரவூப்பிடம் ஓடினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க லாத்தா சொல்லலியா? செப்டம்பர்லயே பேசி முடிச்சாச்சு. பதினோராயிரம் வீட்டையும் தானே மாத்தித் தர்றேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க," என்றார். இரண்டு வருடம், வார இறுதியும் சேர்த்து. அதற்காக நீங்கள் பதவி உயர்வையும் வேண்டாம் என்று சொன்னீர்களாம். உங்கள் வாய் மூடியிருந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. என்னிடம் ஒரு வரி எழுதவில்லை. அந்தத் தோளை வைத்துக்கொண்டு பதினோராயிரம் கதவை எப்படித் தட்டப் போகிறீர்கள்?

சனிக்கிழமைகளை எனக்குக் கொடுத்துவிடுங்கள். ஏணியை நான் தூக்குகிறேன், நீங்கள் வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள், அது உங்களுக்கு நன்றாக வரும். மேற்குப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆரம்பிக்கலாம். பகல் சாப்பாட்டுக்கு ஏழாம் மாடிக்கு வரவேண்டும். வேலை இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

உங்கள் அன்புத் தம்பி
அர்ஃபான்


பாசிர் ரிஸ்
18 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அர்ஃபான்,

நேற்று முழுக்க உன்னோடுதான் இருந்தேன், பதின்மூன்று சனிக்கிழமையாக அப்படித்தான். கடிதம் எழுத அவசியமே இல்லை. ஆனால் நீயும் வருணும் வெளியே தாழ்வாரத்தில் ஏணிமேல் நின்றபோது உள்ளே நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அனிதா கொடுத்தனுப்பிய இட்லியைப் பிரித்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, சொல்ல மறந்துவிட்டேன்.

லட்சுமி அம்மா வீட்டுப் பெட்டியும் அந்தப் பதினோராயிரத்தில் ஒன்று என்பது உனக்குத் தெரியும். அங்கமுத்து அண்ணன் அதைக் கழற்றிப் பையில் வைத்தார். மைலோ போய் அந்தப் பைமேல் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டியது. நீங்கள் கையால் செய்த சோதனைப் பெட்டியை நான் தட்டில் வைத்தேன். லட்சுமி அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. புதுசு சின்னதாக இருக்கிறதே, அதற்குப் படுக்க இடம் பத்தாதே என்றார். உலகத் தரத்தில் பூனையின் நீளத்தை யாரும் எழுதவில்லை.

ஏர்கானைப் போட்டோம். உங்கள் சூடேற்றி எரிந்தது, திரையில் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மைலோ பையிலிருந்து இறங்கி வந்து, பெட்டியை மோந்து பார்த்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு முன்பாதியைப் பெட்டிமேலும் பின்பாதியைத் தட்டிலுமாக வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. "அதுக்குப் புடிச்சிருச்சுலா," என்றார் லட்சுமி அம்மா. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஜூன் மாதம் கருவிப் பிழை என்று எழுதின அதே இடத்தில், முப்பத்தோராம் வீட்டுக்கு நேராக, "பூனை, நலம்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதி உம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து, பழக்கத்தில் டின்னில் வைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே பிஸ்கட் இருந்தது. இனிமேல் இது எதற்குக் காலியாக இருக்க வேண்டும் என்று உம்மா வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நீ இன்ஷாவோடு லிஃப்டில் ஏறிவிட்டதாக இப்போதுதான் ஃபோன் பண்ணினாய். கையிலேயே தந்துவிடுகிறேன்.

லாத்தா